கழிமுகத்தைக் கற்பித்தலில் கள நீர்த்தரவுகள்: யார்க் ஆற்றை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் அடிப்படை இயல்பு மாற்றம் ஆகும். பாடநூல்கள் அதனை ஒரு வரையறையாகவும் ஒரு படமாகவும் சில சராசரி எண்களாகவும் சுருக்கித் தருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கழிமுக ஆய்வுக் காப்பகங்களில் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவாகும் நீர்த்தரவுகளைப் பள்ளி மாணவர்கள் தாமே எடுத்துப் படிக்கும் கற்பித்தல் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. வர்ஜீனியா மாநிலத்தின் யார்க் ஆறு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகிய இரண்டின் வழியாக, சராசரி மறைப்பதைத் தொடர்தரவு எவ்வாறு வெளிக்கொணர்கிறது என்பதும், பழுதுபட்ட தரவும் எவ்வாறு பாடப்பொருளாகிறது என்பதும் ஆராயப்படுகின்றன. இறுதியில் இம்முறை தமிழ்வழி வகுப்பறைக்குப் பொருந்தும் அளவு சுருக்கமாக நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கழிமுகம், ஓதம், உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், தொடர்தரவு, அறிவியல் கற்பித்தல்

1. முன்னுரை

கழிமுகம் பற்றிய பாடம் பள்ளி நூல்களில் பெரும்பாலும் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம் என்ற வரையறை, சதுப்புநிலத்தைக் காட்டும் ஒரு படம், மீன்குஞ்சுகள் வளரும் இடம் என்ற ஒரு தொடர் ஆகியவற்றை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்கிறார். இவற்றில் பிழை ஏதும் இல்லை. எனினும் இவ்வாறு மாணவருக்குக் கிடைக்கும் கழிமுகம் அசைவற்ற ஒன்றாக உள்ளது. உண்மையான கழிமுகத்தில் ஒரே இடத்தில் காலையில் எடுத்த நீரும் மாலையில் எடுத்த நீரும் உப்பிலும் வெப்பத்திலும் உயிர்வளியிலும் வேறுபடுகின்றன. அங்கு வாழும் உயிர்கள் அனைத்தும் அந்த வேறுபாட்டுக்கு ஈடுகொடுத்தே வாழ்கின்றன. வேறுபாட்டை விட்டுவிட்டுக் கழிமுகத்தைக் கற்பிப்பது, தாளத்தை விட்டுவிட்டு இசையைக் கற்பிப்பது போன்றதாகும்.

நீர்நிலைகளில் நிறுவப்பட்ட தானியங்கிக் கருவிகளின் பதிவுகள் இன்று இணையத்தின் வழியே எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அதே எண்களை ஒன்பதாம் வகுப்பு மாணவரும் திறந்து பார்க்கலாம். இவ்வாய்ப்பு மூன்று வினாக்களை எழுப்புகிறது. இத்தரவுகள் எவ்வாறு உருவாகின்றன? பாடநூல் தர இயலாத எதனை அவை மாணவருக்குத் தருகின்றன? அவற்றை வகுப்பறையில் கையாள்வதற்கு உரிய ஒழுங்கு யாது? இக்கட்டுரை இவ்வினாக்களுக்கு முறையே விடை காண முயல்கிறது.

2. வரையறைக்குள் அமைந்த அளவீடு

கழிமுகத்துக்கு இன்று பரவலாக எடுத்தாளப்படும் வரையறை அமெரிக்கக் கடலியலாளர் டொனால்ட் பிரிட்சர்ட் 1967-இல் வெளியிட்ட கட்டுரையை ஒட்டியது. அதன்படி கழிமுகம் என்பதற்கு மூன்று கூறுகள் வேண்டும். அது ஓரளவு கரைசூழ்ந்த கடலோர நீர்ப்பரப்பாக இருத்தல் வேண்டும். திறந்த கடலோடு தடையற்ற தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும். நிலத்திலிருந்து வடியும் நன்னீரால் அங்குள்ள கடல்நீர் அளந்தறியத்தக்க அளவுக்கு நீர்த்துப்போயிருத்தல் வேண்டும். மூன்றாவது கூறு கற்பித்தல் நோக்கில் முதன்மையானது. ஓர் இடம் கழிமுகமா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இயலாது. அளந்தே அறிய வேண்டும் என்பதை வரையறையே உணர்த்துகிறது.

அளக்கப்படுவது உப்புத்தன்மை. திறந்த கடலின் ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நன்னீரில் இது 0.5 கிராமுக்கும் குறைவு. நீரைக் காய்ச்சி உப்பை நிறுத்துப் பார்ப்பது களத்தில் இயலாத செயல். உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதால், கருவிகள் மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் அளந்து உப்புத்தன்மையைக் கணக்கிடுகின்றன. 1978-இல் வகுக்கப்பட்ட நடைமுறை உப்புத்தன்மை அளவுகோல் இக்கணக்கீட்டை அடிப்படையாகக் கொண்டது. மாணவர் காணும் உப்புத்தன்மை எண் நேரடியாக எடுக்கப்பட்டதன்று, வேறு இரு அளவீடுகளிலிருந்து பெறப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம்.

வரையறையின் எல்லையையும் தரவின் வழியே சோதிக்கலாம். ஒகையோ மாநிலத்தில் ஈரி ஏரியோடு கலக்கும் ஓல்டு வுமன் கிரீக் என்னும் ஓடையின் வாய் தேசியக் கழிமுகக் காப்பகங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. அங்குக் கடலும் இல்லை. கடல் ஓதமும் இல்லை. காற்றின் உந்துதலால் ஏரியின் நீர்மட்டம் ஊசலாடும்போது ஏரிநீர் ஓடைக்குள் புகுகிறது. இரு நீர்களும் நன்னீரே ஆயினும் அவற்றின் வேதித்தன்மை வேறுபடுகிறது. இதனைக் கழிமுகம் எனலாமா என்ற வினாவை மாணவர்முன் வைக்கும்போது, வரையறை என்பது இயற்கையைப் புரிந்துகொள்ள மனிதர் வகுத்த கருவி என்ற தெளிவு பிறக்கிறது.

3. தரவுகள் உருவாகும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் 1972-இல் இயற்றப்பட்ட கடலோர மண்டல மேலாண்மைச் சட்டம் கழிமுக ஆய்வுக் காப்பகங்களுக்கு வழிவகுத்தது. அவற்றுள் முதலாவது, ஆரிகன் மாநிலத்தின் சவுத் சுலூ, 1974-இல் நிறுவப்பட்டது. 2022-இல் கனெக்டிகட் மாநிலத்தின் காப்பகம் 30-ஆவதாகச் சேர்ந்தது. தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமும் கடலோர மாநிலங்களும் இணைந்து இவற்றை நடத்துகின்றன.

காப்பகங்கள் அனைத்திலும் ஒரே முறையில் நீரைக் கண்காணிக்கும் திட்டம் 1995-இல் தொடங்கியது. நீரில் மூழ்கியிருக்கும் உணரித்தொகுதி வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், பி.எச். மதிப்பு, கலங்கல் தன்மை, நீரின் ஆழம் ஆகியவற்றை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவுசெய்கிறது. ஒரு நாளைக்கு 96 பதிவுகள், ஓர் ஆண்டுக்கு 35,040 பதிவுகள் என ஒவ்வோர் அளவீட்டுக்கும் தரவு திரள்கிறது. நைட்ரேட், அம்மோனியம், பாஸ்பேட் முதலிய ஊட்டச்சத்துகளும் பச்சையமும் மாதந்தோறும் நீர்மாதிரி எடுத்து ஆய்வகத்தில் அளக்கப்படுகின்றன. தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பரூக் கடல்சார் கள ஆய்வகத்தில் இயங்கும் மையத் தரவு மேலாண்மை அலுவலகம் எல்லாக் காப்பகங்களின் பதிவுகளையும் சரிபார்த்துப் பொதுமக்களுக்கு வழங்குகிறது. இத்தரவுகளைக் கொண்டு உயர்நிலைப் பள்ளிக்கான பாடத்திட்டம் ஒன்றும், ஆசிரியர்களைக் கழிமுகத்துக்கே அழைத்துச் சென்று பயிற்றும் திட்டம் ஒன்றும் நடத்தப்பட்டு வருகின்றன.

ஒரே முறையில் அளத்தல் என்பது கற்பித்தலுக்குப் பெரிதும் துணைபுரிகிறது. அட்லாண்டிக் கரையின் ஒரு கழிமுகத்தையும் பசிபிக் கரையின் ஒரு கழிமுகத்தையும் மாணவர் ஒப்பிடும்போது, காணப்படும் வேறுபாடு கருவியாலும் முறையாலும் விளைந்ததாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது.

4. யார்க் ஆற்றில் உப்பின் பயணம்

வர்ஜீனியா மாநிலத்தில் பமங்கி, மாட்டபோனி என்னும் இரு ஆறுகள் வெஸ்ட் பாயிண்ட் என்ற ஊரில் கூடி யார்க் ஆறாகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. ஓடிச் செசபீக் விரிகுடாவில் அது கலக்கிறது. வர்ஜீனியாக் கடல்சார் அறிவியல் நிறுவனம் இதன் கரையில் அமைந்துள்ளது. ஆற்றுவாயில் உள்ள குட்வின் தீவுகள், நடுப்பகுதியில் உள்ள கிளே பேங்க், சதுப்புநில ஓடையான டாஸ்கினாஸ் கிரீக், பமங்கி ஆற்றின்மீது அமைந்த சுவீட் ஹால் ஆகிய இடங்களில் காப்பகத்தின் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. கடலிலிருந்து ஆற்றை நோக்கி வரிசையாக அமைந்த இந்நிலையங்களே ஒரு பாடத்துக்குப் போதுமானவை.

முதற்கண் மாணவர் ஒரே நாளின் உப்புத்தன்மையை எல்லா நிலையங்களுக்கும் வரைபடமாக வரைகின்றனர். ஆற்றுவாயில் உயர்ந்தும் மேலே செல்லச்செல்லத் தாழ்ந்தும் சுவீட் ஹாலில் பெரும்பாலும் நன்னீராகவும் இருக்கும் சரிவு தோன்றுகிறது. இது பாடநூல் கூறியதை உறுதிசெய்வது மட்டுமே. அடுத்து ஒவ்வொரு நிலையத்தின் கோட்டையும் தனித்து நோக்கும்போது பாடநூலில் இல்லாத செய்தி வெளிப்படுகிறது. கோடுகள் நேராக இல்லை. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை அவை ஏறி இறங்குகின்றன. இது நிலவால் எழும் ஓதத்தின் கால அளவு.

ஏற்ற இறக்கம் எல்லா இடங்களிலும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. உப்புச்சரிவு செங்குத்தாக உள்ள பகுதியில் ஓதம் நீரைச் சில கிலோமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினால் உப்புத்தன்மை வெகுவாக மாறுகிறது. முற்றிலும் நன்னீராக உள்ள மேற்பகுதியில் அதே ஓதம் நன்னீரையே நகர்த்துவதால் எண்ணில் மாற்றம் தெரிவதில்லை. உப்புத்தன்மைக் கோடு அசையாமல் இருப்பதால் அங்கு ஓதமே இல்லை என்று மாணவர் சிலர் முடிவுகட்டுவதுண்டு. அதே நிலையத்தின் நீர்மட்டப் பதிவை உடன்வைத்துப் பார்க்கும்போது அம்முடிவு தகர்கிறது. உப்பு எட்டாத தொலைவுக்கும் ஓதம் எட்டுகிறது என்ற உண்மையை மாணவர் இவ்வாறு தாமே கண்டடைகின்றனர்.

நீர்மட்டம் உச்சத்தை அடையும் கணமும் உப்புத்தன்மை உச்சத்தை அடையும் கணமும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை என்பது மற்றொரு கண்டறிதல். நீர்மட்டம் இறங்கத் தொடங்கிய பின்னும் சில இடங்களில் நீரோட்டம் சிறிது நேரம் உள்நோக்கியே செல்கிறது. நீரின் உயரமும் நீரின் ஓட்டமும் வெவ்வேறு என்ற கருத்தைச் சொற்களால் விளக்குவதைக் காட்டிலும் ஒரே தாளில் வரைந்த இரு கோடுகள் தெளிவாக விளக்குகின்றன.

யார்க் ஆறு ஆய்வாளர்களுக்கும் இத்தகைய பாடத்தைத் தந்துள்ளது. உவர்நீர் கனமானது, நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. அமாவாசை, முழுநிலவு நாள்களை ஒட்டிய பேரோதக் காலத்தில் வலிய நீரோட்டம் இரு அடுக்குகளையும் கலக்கிவிடுகிறது என்பதையும், அரைநிலவு நாள்களை ஒட்டிய சிற்றோதக் காலத்தில் அடுக்குகள் மீண்டும் பிரிகின்றன என்பதையும் லியனார்ட் ஹாஸ் என்ற ஆய்வாளர் 1977-இல் யார்க் உள்ளிட்ட மூன்று வர்ஜீனிய ஆறுகளின் அளவீடுகளைக் கொண்டு காட்டினார். மாதம் ஒருமுறை மட்டும் அளந்திருந்தால் இருவார இடைவெளியில் நிகழும் இம்மாற்றம் புலப்பட்டிராது. எவ்வளவு இடைவெளியில் அளக்கிறோம் என்பதே எதைக் காண்போம் என்பதைத் தீர்மானிக்கிறது.

5. சராசரி மறைப்பது

உப்புத்தன்மையைவிடக் கரைந்த ஆக்சிஜனில் இவ்வுண்மை கூர்மையாக வெளிப்படுகிறது. மீன், நண்டு, சிப்பி ஆகிய எல்லாவற்றுக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே அது குறைந்தால் அந்நீர் உயிர்வளிக் குறைவுற்றதாகக் கருதப்படுகிறது. நீரின் வெப்பம் உயரும்போது ஆக்சிஜன் கரையும் அளவு குறைகிறது. 5 பாகை செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்கு 12.8 மில்லிகிராம் வரை கரைந்து நிறைவடையும். 25 பாகையில் அது 8.3 மில்லிகிராமாகக் குறையும். அதே 25 பாகையில் கடல்நீராக இருப்பின் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் மட்டுமே. கோடையில் உயிர்களின் தேவை மிகும்போது நீரின் கொள்ளளவு குறைகிறது என்பதை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

ஆக்சிஜனை ஆளும் கடிகாரங்கள் இரண்டு. ஒன்று கதிரவனுடையது. பகலில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் எல்லா உயிர்களும் அதனை நுகர மட்டுமே செய்கின்றன. எனவே ஆக்சிஜன் பிற்பகலில் உச்சத்தையும் விடியலுக்குச் சற்று முன் தாழ்நிலையையும் அடைகிறது. ஊட்டச்சத்து மிகுந்து பாசி செழித்த நீரில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. கலிபோர்னியாவின் எல்க்ஹார்ன் சுலூக் காப்பகத்தில், வேளாண் நிலங்களை ஒட்டிய அசவேடோ குளத்தில், பகலில் நிறைவளவையும் கடந்த ஆக்சிஜனும் இரவில் ஏறத்தாழ முற்றிலும் ஆக்சிஜனற்ற நிலையும் பதிவாகியுள்ளன.

மற்றொரு கடிகாரம் நிலவினுடையது. சதுப்புநில ஓடைகளில் நீர் வடியும்போது, சேற்றோடும் மக்கும் இலைதழைகளோடும் தங்கி ஆக்சிஜனை இழந்த நீர் ஓடைக்குள் இறங்கிவருகிறது. ஓதநாள் 24 மணி 50 நிமிடம் கொண்டதாகையால் வடிநீர் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏறத்தாழ 15 நாள்களுக்கு ஒருமுறை வடிநீர் நேரமும் விடியலும் ஒன்றுகூடுகின்றன. இத்தகைய ஓடைகளில் அவ்விரண்டும் கூடும் கோடை விடியல்களே ஆக்சிஜன் மிகவும் தாழக்கூடிய வேளைகள். டாஸ்கினாஸ் கிரீக் போன்ற ஓடை ஒன்றின் ஒரு மாதக் கோடைக்காலப் பதிவை எடுத்து, கதிரவனின் பங்கு எது, நிலவின் பங்கு எது எனப் பிரித்தறியச் சொல்வது மாணவருக்குச் சிறந்த பயிற்சியாகும்.

இங்கு சராசரியின் இயல்பை ஆசிரியர் எளிய எண்களால் விளக்கலாம். ஒரு நீர்நிலையில் பிற்பகலில் 10, விடியலில் 2, நாள் முழுமைக்கும் சராசரி 6 மில்லிகிராம் எனக் கொள்வோமாயின், சராசரி நலமாகவே தோன்றும். ஆனால் ஒரு மீன் சராசரியில் வாழ்வதில்லை. விடியலில் மூச்சுமுட்டி இறந்த மீனுக்குப் பிற்பகலின் மிகுதி பயன்படாது. முற்பகல் 10 மணிக்கு மட்டும் நீர்மாதிரி எடுக்கும் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்தும் அந்த விடியலைக் காணாமலே இருந்துவிடக்கூடும். அவருடைய எண்கள் அனைத்தும் சரியானவையாகவும் அவருடைய முடிவு தவறானதாகவும் இருக்கும்.

இது வகுப்பறைக் கற்பனை மட்டுமன்று. சட்டத்திலும் இடம்பெற்ற வேறுபாடு. ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003-இல் செசபீக் விரிகுடாவுக்கு வகுத்த நீர்த்தர அளவுகோல்களின்படி, உப்பு கலந்த திறந்த நீர்ப்பகுதியில் ஆக்சிஜனின் 30 நாள் சராசரி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும், 7 நாள் சராசரி 4 மில்லிகிராமுக்கும், எந்தவொரு கணத்திலும் 3.2 மில்லிகிராமுக்கும் குறையலாகாது. மேற்சொன்ன எடுத்துக்காட்டு நீர்நிலை முதல் இரு விதிகளிலும் தேறி மூன்றாவதில் தோற்கிறது. ஒரே தரவை மூன்று விதிகளாலும் சோதித்து அறிக்கை எழுதும் மாணவர், நீர் நலமாக உள்ளது என்ற கூற்றைக் கேட்டவுடன் எவ்வளவு காலச் சராசரி, எந்த நேரத்து அளவீடு என்று வினவக் கற்றுக்கொள்கிறார். கடலோர மக்களின் வாழ்வாதாரம் இவ்வினாக்களைச் சார்ந்தது.

ஆளிச் சிப்பியின் வரலாறு இதற்குச் சான்று. 1972 சூன் மாதம் வீசிய ஆக்னஸ் புயலின் பெருமழையால் செசபீக் விரிகுடாவுக்குள் பெருகிய நன்னீர், நகர்ந்து தப்ப இயலாத சிப்பிகளைப் பெருமளவில் அழித்தது. எதிர்த்திசையில், உப்பு மிகும் வறட்சிக் காலங்கள் சிப்பிகளைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்களுக்கு இடமளிக்கின்றன. அந்நோய்களுள் ஒன்று 1959-இல் அவ்விரிகுடாவின் கீழ்ப்பகுதியில் கண்டறியப்பட்டபின் சிப்பித் தொழில் கடும் இழப்புக்குள்ளானது. உப்பு குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்னும் நிலையில், பல ஆண்டு உப்புத்தன்மைப் பதிவைக் கொண்டு சிப்பிப் படுகையை எங்கு அமைக்கலாம் எனப் பரிந்துரைக்கும் பணியை மாணவர் குழுக்களுக்கு அளிக்கலாம். குழுக்கள் ஒரே முடிவுக்கு வரவேண்டியதில்லை; ஒவ்வொரு முடிவும் எந்தப் பதிவை நம்பி எடுக்கப்பட்டது என்பதைக் காட்டவேண்டும்.

6. பழுதுபட்ட எண்கள்

பாடநூலின் பயிற்சி வினாக்களில் தரப்படும் எண்கள் தூய்மையானவை. களத்திலிருந்து வரும் எண்கள் அத்தகையன அல்ல. உணரியின்மேல் கொட்டலசுகளும் பாசியும் படிகின்றன, நண்டு குழாய்க்குள் புகுந்துகொள்கிறது, மின்கலம் தீர்ந்துபோகிறது. இதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை கருவி எடுக்கப்பட்டு, அளவு சரிசெய்யப்பட்ட வேறு கருவி வைக்கப்படுகிறது. மையத் தரவு அலுவலகம் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் தரக்குறி ஒன்றை இடுகிறது. முதற்கட்டச் சோதனையில் தேறியது 0, ஐயத்திற்குரியது 1, பதிவாகாதது −2, விலக்கப்பட்டது −3 என அக்குறிகள் அமைகின்றன.

இக்குறிகளை நீக்கிவிட்டுத் தூய்மைப்படுத்திய அட்டவணையை மாணவருக்குத் தருவது எளிது. எனினும் அவ்வாறு செய்வது அறிவியலின் முதன்மையான ஒரு கூற்றை மறைப்பதாகும். எடுத்துக்காட்டாக, ஒரு பதிவில் உப்புத்தன்மை 15 நிமிடத்துக்குள் திடீரெனச் சுழியமாகிறது எனக் கொள்ளலாம். மாணவர் முதலில் பெருமழை என்பர். ஆசிரியர் அதே நேரத்து ஆழத்தைப் பார்க்கச் சொல்கிறார். ஆழமும் சுழியத்தை ஒட்டியுள்ளது. நீரின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையோடு ஒத்துப்போகிறது. வடிநீர் நேரத்தில் உணரி நீருக்கு வெளியே வந்துவிட்டது என்பது இப்போது விளங்குகிறது. ஓர் எண்ணை ஏற்பதா விலக்குவதா என்பதை விருப்பத்தாலன்றி வேறு எண்களின் சான்றால் முடிவுசெய்யும் பழக்கம் இவ்வாறு உருவாகிறது. இதன் மறுபக்கத்தையும் வலியுறுத்த வேண்டும். வியப்பூட்டுவது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் எண்ணை விலக்கினால், உண்மையான புயலின் தடமும் அதனோடு விலக்கப்பட்டுவிடும்.

நேரக்குறிப்பும் கவனத்துக்குரியது. இப்பதிவுகள் ஆண்டு முழுவதும் உள்ளூர்த் திட்ட நேரத்திலேயே உள்ளன. கோடையில் அமெரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்னகர்த்தப்படுவதைக் கருதாமல் ஓத அட்டவணையோடு ஒப்பிடும் மாணவர், ஒரு மணிநேரப் பிழையோடு வெகுதொலைவு சென்றுவிடுவர்.

7. வகுப்பறை ஒழுங்கு

ஆண்டொன்றின் 35,040 பதிவுகளை ஒரே நேரத்தில் மாணவர்முன் வைத்தால் மலைப்பே மிஞ்சும். படிமுறை தேவைப்படுகிறது. முதலில் ஒரு நிலையம், ஓர் அளவீடு, ஒரு நாள். அடுத்து அதே அளவீட்டின் இரு வாரப் பதிவு. பின்னர் இரு அளவீடுகளின் ஒப்பீடு. அதன்பின் இரு நிலையங்களின் ஒப்பீடு. மழை, காற்று ஆகிய வானிலைப் பதிவுகளை இறுதியில் சேர்க்கலாம். முதல் வரைபடத்தைக் கணினியின்றிக் கையால் வரைவது பயன்தரும். அச்சின் அளவுகோலை மாணவரே தேர்ந்தெடுக்கும்போது, அளவுகோலை மாற்றிச் சிறிய வேறுபாட்டைப் பெரிதாகக் காட்டலாம் என்பதையும் உணர்ந்துகொள்வர்.

வரைவதற்கு முன் ஊகித்தல் இம்முறையின் உயிர்நாடி. நாளைய விடியலில் ஆக்சிஜன் எவ்வாறு இருக்கும், ஏன் என எழுதிவைத்த பின்னரே பதிவைத் திறக்க வேண்டும். ஊகம் பொய்க்கும் இடத்தில்தான் கற்றல் தொடங்குகிறது. ஊகிக்காமல் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு எந்தக் கோடும் இயல்பானதாகவே தோன்றும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. இரு கோடுகள் சேர்ந்து ஏறியிறங்குவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று மாணவர் எளிதில் முடிவுசெய்துவிடுகின்றனர். ஒரு நிலையத்தின் ஓரிடத்து உணரி அந்த ஆற்றின் முழுமையையும் பேசுவதில்லை. திரையில் எண்களை மட்டும் கண்ட மாணவருக்குச் சேற்றின் மணமும் நீரின் நிறமும் தெரியாமல் போகலாம். எனவே ஒருமுறையேனும் நீரருகே சென்று தம் கையால் அளப்பது தேவையாகிறது. தாம் அளந்த பத்து எண்களுக்காக ஒரு பிற்பகலைச் செலவிட்டவருக்கே பிறர் அளந்த பல்லாயிரம் எண்களின் மதிப்பு புலப்படும்.

8. தமிழ்வழி வகுப்பறைக்குப் பொருந்தும் அளவு

இத்தரவுகள் அமெரிக்கக் கரைக்கு உரியவையாயினும் அவற்றைப் படிக்கும் முறை எக்கரைக்கும் உரியது. தமிழில் இப்பொருளைக் கற்பிப்பதற்குச் சொல்வளம் ஏற்கெனவே உள்ளது. கடல்நீர் புகுந்து தேங்கும் நீர்நிலையைக் குறிக்கும் கழி என்ற சொல் நெய்தல் நிலத்துக்கு உரியதாகச் சங்க இலக்கியத்திலேயே வழங்குகிறது. ஓதம் என்பதும் பழஞ்சொல். ஆறு கடலைச் சேரும் வாயை முகத்துவாரம் என்றும், கடலோரக் காயலை ஈழத்தில் களப்பு என்றும் மக்கள் வழங்குகின்றனர். கழிமுகம் என்ற கலைச்சொல்லை முகத்துவாரம் என்ற வழக்குச்சொல்லோடு இணைத்துக் கற்பித்தால் மாணவரின் பட்டறிவு பாடத்துக்குள் வருகிறது.

நிலைமைகள் வேறுபடுவதையும் கருதவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகக் கிழக்குக் கரையின் கழிமுகங்களில் நன்னீர் பெருகி உப்புத்தன்மை சரிகிறது. கோடையில் ஆற்றுநீர் அருகிக் கடல்நீர் உள்ளேறுகிறது. அடையாறு போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும் காலங்களில் கடலோடு தடையற்ற தொடர்பு என்ற வரையறைக் கூறே கேள்விக்குள்ளாகிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தின் கரையில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் நெடுங்காலமாக இத்தகைய மாற்றங்களை ஆய்ந்து வருகிறது.

விலையுயர்ந்த உணரிகள் இல்லாத பள்ளியும் இம்முறையின் சாரத்தைக் கைக்கொள்ளலாம். வெப்பமானி, உப்பளக்கும் ஒளிவிலகல்மானி, நீரின் தெளிவை அறியும் கறுப்புவெள்ளைத் தட்டு, ஆக்சிஜனை அளக்க 1888 முதல் வழங்கிவரும் விங்க்ளர் தரம்பார்த்தல் முறை ஆகியவை போதும். கழிமுகத்தின் அருகில் உள்ள பள்ளிகள், ஆசிரியர்களும் உள்ளூர் மீனவரும் துணைநிற்க, பாதுகாப்பான படித்துறையில் ஒருமுறையேனும் 24 மணிநேரமும் இடைவிடாது அளந்து பார்க்கலாம். விடியலில் எடுக்கும் எண்ணே அந்த நாளின் முதன்மையான எண்ணாக அமையக்கூடும். தமது 24 மணிநேரப் பதிவை யார்க் ஆற்றின் ஒரு நாள் பதிவோடு பொருத்திப் பார்க்கும்போது, ஒரே நிலவும் ஒரே கதிரவனும் இரு கரைகளிலும் எழுதும் கோடுகளின் ஒற்றுமையும் வேற்றுமையும் தெரியவரும்.

9. முடிவுரை

கழிமுகத்தைப் பற்றிய பாடம் கழிமுகத்தின் மாறும் இயல்பை உள்ளடக்கியதாக இருத்தல் வேண்டும். வரையறையும் சராசரியும் அவ்வியல்பைத் தாங்க வல்லவை அல்ல. 15 நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் பதிவு அதனைத் தாங்குகிறது. யார்க் ஆற்றின் உப்புத்தன்மை ஓதம் செல்லும் தொலைவையும், சதுப்புநில ஓடைகளின் ஆக்சிஜன் கதிரவனும் நிலவும் கூடும் வேளையையும் மாணவருக்குக் காட்டுகின்றன. தரக்குறிகள் எண்ணை நம்புவதற்கும் ஐயுறுவதற்கும் காரணம் வேண்டும் எனப் பயிற்றுகின்றன.

இவற்றைக் கற்ற மாணவர் கடலியலாளர் ஆகாமற் போகலாம். ஆயினும் தம் ஊர் முகத்துவாரத்தில் ஒரு காலை மீன்கள் செத்து மிதக்கும்போது, நீர் நலமாகவே இருந்தது என்ற அறிக்கை வெளிவருமாயின், அந்த நீர் எந்த மணியில் அளக்கப்பட்டது என்று அவரால் கேட்க இயலும்.